தகரம் கதைச்சாப் பிறகு

மாட்சிமை தங்கிய மாமா அவர்களுக்கு,

இன்று காலை எங்கள் மாட்டுக்கொட்டிலுக்குப் புதுத் தகரம் வந்து இறங்கியது. வண்டிலில் இருந்து ஒவ்வொன்றாக இழுக்கும்போது ஒரு மணம் எழுந்தது பாருங்கோ, புதுத் தகரமும் தாரும் வெயிலும் ஒன்றாய்க் கலந்த மணம், அது என்னை மூக்கில் பிடித்து நேரே உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. கூரைக்கு ஏறியவர்கள் ஆணியை இறுக்கத் தொடங்க, நான் கீழே நின்று போட்ட சத்தத்தில் முறிகண்டிப் பிள்ளையார் திடுக்கிட்டு எழும்பியிருப்பார். இறுக்காதேங்கோ, அது நீட்டி நிமிர இடம் விடுங்கோ என்று கத்தினேன். தகரத்துக்காக வக்காலத்து வாங்குகிற மனிசனை அவர்கள் இதற்குமுன் கண்டதில்லைப் போலும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீங்கள் இருந்திருந்தால் கதிரையை இழுத்துப் போட்டு அவர்களுக்கு ஒரு பிரசங்கம் வைத்திருப்பீர்கள். நீங்கள் இல்லாதபடியால் அந்தப் பிரசங்கத்தை உங்களுக்கே எழுதுகிறேன். உயிரோடு இருந்த காலத்தில் எழுதியிருந்தால் எழுத்துப்பிழை பிடித்து அடுத்த தபாலில் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். இப்போது அந்தப் பயம் இல்லை. தாராளமாகப் பிழை விடுவேன்.

அண்ணன் கனகராயன்குளத்தில் காட்டை வெட்டிக் காணி திருத்திய காலத்தில் இருந்து தொடங்குகிறேன். அப்போது அங்கே மனிசரைவிடக் குரங்கு அதிகம். குரங்கைவிட நுளம்பு அதிகம். கடிக்க வருகிற ஒவ்வொரு நுளம்பும் ஒரு கௌதாரி அளவு. சுட்டுக் கறி வைக்கலாம். சுற்றிவர எல்லாரும் மண்சுவர் வைத்து இலுக்குப் புல்லால் வேய்ந்துகொண்டிருக்க, அண்ணன் மட்டும், வடமராட்சிப் பெண் வரப்போகிறாள் என்ற மிடுக்கில், தகரக் கூரை போட்டான். உலக யுத்தகாலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த ஒரு முகாமைப் பிரித்து விற்றபோது வாங்கிய தகரம்.

அண்ணன் வாய் திறக்காத மனிசன் என்பது உங்களுக்குத் தெரியும். பேச வேண்டியதை எல்லாம் அவன் சுத்தியலால்தான் பேசுவான். ஓர் ஆணி போதுமான இடத்தில் நாலு ஆணி பேசினான். ஒவ்வொரு தகரத்தையும் இரண்டு பக்கத்தாலும் மரத்தோடு மரமாக இறுக்கினான். யானை வந்து முதுகு சொறிந்தாலும் இந்தக் கூரை அசையாது என்று, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் சான்றிதழ் வழங்கினேன். அசையாமல் இருப்பதுதான் அதன் வியாதி என்று அப்போது ஆருக்குத் தெரியும்?

பிறகு உங்கள் மகள் அந்த வீட்டுக்கு வந்தார், அண்ணனுக்கு மனைவியாகவும் எனக்கு மச்சாளாகவும். பனையோலைக் கூரைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவர். பனையோலை காற்றுக்குச் சரசரக்கும், மழைக்குச் சொட்டும். அதைவிட வேறு கதை அதற்குத் தெரியாது. வந்த அன்று பின்னேரம் சூரியன் பாலைமரத்துக்குப் பின்னால் இறங்கியது. மச்சாள் விளக்கேற்றத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே "டக்" என்றது. சற்றுப் பொறுத்து "டக், டக்". பிறகு கூரையின் அந்தக் கோடியில் ஒரு "டங்".

உங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: கல்லெறி. ஒரு குடும்பத்தைப் பிடிக்காவிட்டால் உங்கள் ஊரில் வாசல் படலையில் வந்து நின்று சண்டை பிடிக்க மாட்டார்கள். பொழுதுபட்ட பிறகு கூரைக்குக் கல் எறிவார்கள். எறிவது மனிசன் என்றால் அவன் வேண்டாதவன். மனிசன் இல்லையென்றால் இன்னும் மோசம்.

அண்ணன் பொல்லோடு வளவை ஒரு பக்கத்தால் சுற்றி ஓடினான். நான் மற்றப் பக்கத்தால் ஓடினேன். கடைசியில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர்தான் பிடித்தோம். காலையில் மச்சாள் முற்றம் கூட்டிப் பார்த்தார். புதுக் கல் ஒன்றுகூட இல்லை. எறிந்த கல்லைத் திரும்பவும் பொறுக்கிக்கொண்டு போகிற எதிரியைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதேயில்லை. அடுத்த நாளும் சத்தம். அதற்கடுத்த நாளும் சத்தம். வானம் மப்பு மூடிக் கிடந்த நாட்களில் மட்டும் ஒன்றுமில்லை. மப்பு நாளில் லீவு எடுக்கிற பேய் என்றால் அது அரசாங்க உத்தியோகத்துப் பேயாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். மச்சாள் சிரிக்கவில்லை. அதற்குள் அவர் முகம் பாதியாகிவிட்டது. பட்டாளத்துத் தகரம் என்ற சங்கதி அயலுக்குத் தெரியுந்தானே. செத்துப்போன வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் தன் கூரையைத் தேடிக் காட்டுக்குள் வந்துவிட்டான் என்று ஒரு கதை கிளம்பியது. அது பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, வேறு பஸ் மாறி உங்கள் வீட்டுப் படலை வரைக்கும் வந்துவிட்டது. அது வந்த வழியாலேயே நீங்கள் புறப்பட்டீர்கள்.

உங்கள் வருகையை நான் எப்படி வர்ணிப்பேன் மாமா. கண்டி றோட்டில் பஸ் நின்றது. முதலில் குடை இறங்கியது. பிறகு மீசை இறங்கியது. அதற்குப் பிறகு சால்வை. எல்லாவற்றுக்கும் கடைசியாக நீங்கள். வந்தவுடன் மச்சாள் நீட்டிய செம்பை வாங்கி, ஒரு மிடறுகூடக் குடிக்காமல் கேட்டீர்கள்: "எங்கை அந்தச் சின்னவன்?"

சின்னவன் அடியேன்தான். சம்பந்தம் பேச வந்த அன்று, எங்கள் பக்கத்து யானை மரியாதையான யானை, கதவைத் தட்டிக் கேட்டுத்தான் உள்ளே வரும் என்று நான் உங்களிடம் சொல்லியிருந்தேன். அதை நீங்கள் மறக்கவில்லை. கல்லெறிகிறவன் வெளியாள் இல்லை, இதே வீட்டில்தான் சோறு தின்கிறான் என்பது உங்கள் தீர்ப்பு. அன்று பின்னேரம் என்னை உங்களுக்குப் பக்கத்தில் இருத்தி, என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டீர்கள். காலமெல்லாம் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்த கை அது. அந்தப் பிடியில் என் எலும்பு உருகி ஓடியதை நான் கண்ணால் கண்டேன். சூரியன் இறங்கியது. கூரை "டக்" என்றது. "டக், டக், டங்." என் கை இரண்டும் உங்கள் கைக்குள் இருந்தன. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"கூட்டாளி வைச்சிருக்கிறான்" என்றீர்கள்.

ஆனால் உங்கள் பிடி தளர்ந்துவிட்டது. எறிகிறவன் நானாக இருந்திருந்தால் உங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாலு அறை போட்டு முடிக்கக்கூடிய விஷயமாக இருந்திருக்கும். இது அப்படி முடியாது என்று தெரிந்ததும், நாளைக்கு மத்தியான பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னீர்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னீர்கள். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு நீளும் என்று வீட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கல்லெறி விழுகிற காட்டு வீட்டுக்குப் பெண்ணை இரண்டாம் தரம் அனுப்புகிற தகப்பன் வடமராட்சியில் இன்னும் பிறக்கவில்லை.

அண்ணன் எழும்பிப் போய்ச் சுத்தியலை எடுத்து வந்தான். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு கீழே வைத்துவிட்டான். மச்சாள் அவனைப் பார்த்துவிட்டு உங்களிடம் சொன்னார்: "மனிசர் எண்டால் நான் நிண்டு சமாளிப்பன் ஐயா. ஆரெண்டே தெரியாமல் எப்பிடி இருக்கிறது?"

மறுநாள் காலை அவருடைய றங்குப்பெட்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. நான் உங்கள் காலில் விழாத குறையாக ஒரு தவணை கேட்டேன். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பேயோட்டி ஒருவர் அப்போது அயலில் வந்து தங்கியிருந்தார். பஸ் வருவதற்குள் அவரை ஒருக்கால் பார்க்கவிடுங்கோ என்றேன். பஸ்ஸுக்குச் சுணங்காவிட்டால் சரி என்றீர்கள்.

பேயோட்டி வந்து சேர உச்சி வெயிலாகிவிட்டது. ஏழு கடலுக்கு அப்பால் உள்ள பேய்கூடத் தன் பெயரைக் கேட்டால் எழும்பி நிற்கும் என்று சொல்லிக்கொண்டே வீட்டை வலம் வந்தார். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை மந்திரித்து, தூக்கி, கூரை மேல் வீசினார்.

மாமா, அன்றைக்கு அந்தத் தகரம் பேசிய பேச்சை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. பின்னேரத்து டக் எல்லாம் அதற்கு முன்னால் கொட்டாவி. திருவிழாவில் வெடிக்கட்டுக் கொளுத்தியதுபோலப் படபடவென்று ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரைக்கும் வெடித்தது. பேயோட்டி பின்னால் பாய்ந்து என் காலில் ஏறி நின்றார். இது இங்கிலீசுப் பேய், தனக்கு விளங்காத பாஷையில் ஏசுகிறது என்றார். உடனே நீங்கள் குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு, கூரையை நோக்கி, "கோ, கோ" என்றீர்கள். உங்களிடம் இருந்த இங்கிலீசு முழுவதும் அன்றைக்குச் செலவாகிவிட்டது. பேயோட்டி துணிவை எல்லாம் திரட்டி இரண்டாவது குடத்தை வேறு மூலைக்கு வீசினார். அந்த மூலை இன்னும் மோசமாக ஏசியது. மனிசன் குடத்தைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினார். ஒட்டுசுட்டானிலும் நிற்கவில்லையாம். குறுக்கே கடல் வந்தபடியால்தான் முல்லைத்தீவில் நின்றாராம்.

என் யோசனையும் அவரோடு சேர்ந்து ஓடிவிட்டது. பெட்டியைத் தூக்கச் சொல்லி நீங்கள் எனக்குக் கையைக் காட்டினீர்கள். அப்போதுதான் குசினி வாசலில் நின்ற மச்சாளைப் பார்த்தேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பயந்த முகமாக அது தெரியவில்லை. சந்தையில் மீன்காரன் தராசு பிடிக்கும்போது பெண்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்றார். "இது தண்ணி பட்ட உடனைதான் கத்துது."

அப்ப நேற்றுப் பின்னேரம் ஆர் தண்ணி ஊற்றினது என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான்கூட உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

"நேற்றுப் பின்னேரம் வெயில் போச்சுது ஐயா. இப்ப தண்ணி செய்யிறதை அப்ப பொழுது செய்தது."

சொல்லிவிட்டு உள்ளே போய், உங்கள் வழிச்சாப்பாட்டுக்கு உளுந்து வறுத்த தாச்சியை அடுப்பில் இருந்து இறக்கி, துடைத்து, உங்களுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் கையால் தண்ணீர் தெளித்தார். தாச்சி "டங்" என்றது.

"இதுக்குள்ளை எந்தப் பட்டாளத்தான் இருக்கிறான்?" என்று கேட்டார்.

மச்சாள் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வந்து, பேயோட்டி எறியாத மூலையாகப் பார்த்து வீசினார். அந்த மூலை படபடத்தது. இன்னொரு வாளி அள்ளி அதே மூலைக்கு வீசினார். இந்த முறை தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும்தான். சூடு இறங்கிய தகரத்துக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. என்னை ஏணியில் ஏறித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நனைந்த தகரத்தில் கை நின்றது. நனையாத தகரத்தில் என் உள்ளங்கை ரேகை முழுவதும் ஒட்டிக்கொண்டது. அன்றில் இருந்து எனக்குச் சாத்திரம் பார்க்க ஒருவராலும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கண்டி றோட்டில் பஸ் ஊதியது.

அண்ணன் உங்களைப் பார்த்தான். மச்சாளும் வாளியைப் பிடித்தபடி உங்களைப் பார்த்தார். நீங்கள் பெட்டியைப் பார்த்தீர்கள், கூரையைப் பார்த்தீர்கள், திரும்பவும் பெட்டியைப் பார்த்தீர்கள். பஸ் இரண்டாம் முறை ஊதியது. ஓடினால் பிடிக்கலாம். நீங்கள் குடையை மடக்கி என் கையில் தந்தீர்கள்.

"அந்த வாளியைக் கொண்டா பிள்ளை. நானும் ஒருக்கால் எறிஞ்சு பாப்பம்."

எறிந்தீர்கள். பாதி கூரைக்குப் போனது, மீதி எனக்கு. தகரம் படபடவென்றது. நீங்கள் தலையைச் சரித்து, நாயனக் கச்சேரி கேட்கிறவர் மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். பஸ் புளியங்குளம் பக்கமோ மாங்குளம் பக்கமோ, எந்தப் பக்கமாகவோ போய் மறைந்தது. அது உங்களுக்குக் கேட்கவேயில்லை. அந்த வீட்டுக் கூரைக்கு எறிந்து கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரே ஆள் நீங்கள்தான் என்று நான் சொன்னேன். முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அண்ணன் பெட்டியைத் தோளில் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

பிறகு எல்லாரும் இருந்து யோசித்தோம். பகலில் சூடேறத் தகரம் நீள்கிறது. பொழுதுபடச் சுருங்குகிறது. அண்ணனின் ஆணிகள் அதைப் போகவும் விடவில்லை, வரவும் விடவில்லை. அது பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் திமிறி விலகும். அந்தத் திமிறல்தான் எங்கள் கல்லெறி. காலையில் சூடேறும்போதும் அது திமிறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த நேரம் நாங்கள் வயலில், மச்சாள் கிணற்றடியில், கேட்பதற்கு ஆளில்லை. பாவம், அதற்கு முகாமில் இங்கிலீசுக்காரன் இடம் விட்டு வைத்திருந்தான். எங்களிடம் வந்துதான் சிறைப்பட்டது. மச்சாள் அதைக் கல்லெறி என்று சொல்வதை அன்றோடு விட்டார். "தகரம் கதைக்குது" என்றார். அடுத்த நாள் காலை, வெயில் ஏற முதல், அண்ணனும் நானும் ஏறி ஆணி ஓட்டைகளைப் பெருப்பித்து, தார் பூசிய சாக்குத் துண்டு வைத்துத் தளர்த்தினோம். கீழே நின்ற மச்சாள் ஒரு கோடியை மட்டும் அப்படியே விடச் சொன்னார். விளக்கு வைக்கிற நேரத்தை அது சொல்லட்டுமாம்.

நீங்கள் தனியே பஸ் ஏறிப் போனீர்கள். போனவர் சும்மா இருந்தீர்களா? அடுத்த முறை ரயிலில் வந்து, புளியங்குளம் ஸ்டேசனில் இறங்கி, தண்டவாளத்துத் துண்டுகளுக்கு இடையில் விட்டிருந்த நீக்கலுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று சத்தமாகச் சொன்னீர்கள். ஸ்டேசன் மாஸ்டர் உங்களைப் பெரிய இஞ்சினியர் என்று நினைத்துக் கதிரை போட்டார். நீங்களும் மறுக்காமல் இருந்தீர்கள்.

மாமி மோசம் போய் நீங்கள் தனித்துப்போன பிறகு ஒரேயடியாக எங்களிடம் வந்துவிட்டீர்கள். காடு வெட்டி வந்திருந்த எங்கள் குடியேற்றத்தில் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை மூளும் காலம் அது. மண்வெட்டியோடு வருவார்கள், எப்போதும் மத்தியானத்தில்தான் வருவார்கள். நீங்கள் வழக்கைக் கேட்கவே மாட்டீர்கள். இருத்தி, தேத்தண்ணி கொடுப்பித்து, ஒன்றே ஒன்று சொல்வீர்கள்: "தகரம் கதைச்சாப் பிறகு கதைப்பம்." வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருப்பார்கள். பொழுது சாயும். அந்தக் கோடி "டக்" என்னும். அந்த நேரத்தில் அவர்களுடைய சண்டையும் ஒரு சாண் குறைந்திருக்கும். அன்றைக்கு உச்சி வெயிலில் பெட்டியைத் தூக்கச் சொன்னவர் நீங்கள். அதற்குப் பிறகு வெயிலில் நின்று ஒரு முடிவும் எடுத்ததில்லை.

போன சித்திரையில் நீங்கள் காலமானீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். உங்கள் தம்பிமார் ஒரு வான் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள், அதே உச்சி வெயிலில். எங்கள் ஆளைக் காட்டுக்குள் விட்டுப்போக மாட்டோம், எங்கள் சுடலையில்தான் எரிக்க வேண்டும், இப்போதே தூக்க வேண்டும் என்றார்கள். குடியேற்றத்துச் சனம் படலையை மறித்துக்கொண்டு நின்றது. அண்ணன் சுத்தியல் வைக்கிற இடத்தைப் பார்த்தான். அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது என்று எனக்கு விளங்கியது. மச்சாள் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சித்தப்பா, இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ. தகரம் கதைச்சாப் பிறகு கதைப்பம்."

துயரத்தில் பிள்ளைக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். அதனால்தான் மறுபேச்சுப் பேசாமல் இருந்தார்கள். பின்னேரம் வரைக்கும் சனம் வந்து வந்து உங்கள் காலடியில் நின்று போனது. மண்வெட்டியோடு அந்த முற்றத்துக்கு வந்தவர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்கள். உங்கள் தம்பிமார் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கூரை "டக்" என்றபோது மூத்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி, நீ சொல்லு பிள்ளை என்றார்.

"ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு போக எண்டு வந்தவர்" என்றார் மச்சாள். "பிறகு தானும் போகேல்லை."

அவ்வளவுதான். மறுநாள் எங்கள் சுடலையில், எங்கள் பாலை விறகில், உங்களை எரித்தோம். உங்கள் தம்பிமாரும் தோள் கொடுத்தார்கள்.

இப்போது உங்கள் கதிரை என்னிடம் வந்திருக்கிறது. பின்னேரம் வரைக்கும் தீர்ப்புச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்னைப் போன்ற ஒருவனுக்கு எவ்வளவு பெரிய தவம் என்று நீங்கள் அறிவீர்கள். அதற்கே எனக்கு ஒரு கோயில் கட்டலாம். மத்தியானத்தில் கொதித்துக்கொண்டு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறேன். பின்னேரம் வாருங்கோ, அப்போது தீர்ப்புச் சொல்கிறேன் என்கிறேன். சுத்துப்பட்டி ஊரெல்லாம் என்னைப் பெரிய நீதவான் என்று கொண்டாடுகிறது. உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன் மாமா. பாதிப்பேர் பின்னேரம் திரும்பி வருவதேயில்லை.

இப்படிக்கு,
சின்னவன்